கிளச் ஸ்லிப் ஆனால் பிளேட்டை மட்டும் சந்தேகிக்க வேண்டாம்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கும், வேலையின் பொருட்டு அவ்வப்போது ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கும் நான் ஓட்டிச் செல்லும் மோட்டார் சைக்கிள், ஜப்பானில் ஓடி முடித்து இங்கே இறக்குமதியான பழைய வண்டி. நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கிளச்சை இழுப்பது கேபிள். இதிலோ, கைப்பிடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஒயிலைத் தள்ள, அந்த அழுத்தம் குழாய் வழியே இஞ்சினோடு பொருத்தப்பட்ட ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து, அதன் பிஸ்டன் ஒரு கம்பியைத் தள்ளி, ஒன்றோடொன்று அழுந்தி நின்று இஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட்டுகளைப் பிரிக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி பல ஆண்டுகள் மீளாததால் இத்தகைய வண்டிகளைப் பேணிக் காத்து ஓட்டுபவர்கள் மலையகத்தில் இன்னும் பலர் உள்ளனர். அவர்களுக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில், லொறிகளுக்கும் பஸ்களுக்கும் பின்னால் கிளச்சை அடிக்கடி பிடித்து விட்டபடி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் கோளாறு முதலில் தெரிந்தது. அக்சிலேட்டரைத் திருகினால் இஞ்சினின் சுழற்சி கூடுகிறது, சத்தம் ஏறுகிறது, வண்டியின் வேகம் மட்டும் கூடவில்லை. இதைத்தான் கிளச் ஸ்லிப் ஆவது, அதாவது வழுக்குவது, என்பார்கள். ஓரமாக நிறுத்தி இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மீண்டும் எடுத்தபோது, எந்தக் குறையும் இல்லாததுபோல் வண்டி ஏறியது. குளிர்ந்த காலையில் நானுஓயா ஏற்றத்திலும் அது வழுக்கவே இல்லை. தேய்ந்த பிளேட்டும் சூட்டில் கூடுதலாக வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சற்று ஆறியதும் முழுப் பிடிமானமும் திரும்பிவிடுவது தேய்மானத்தின் இயல்பு அன்று என்று எனக்குப் பட்டது.

கராஜில் காட்டியபோது, "தம்பி, பிளேட் முடிஞ்சு போச்சு, இஞ்சினைத் திறக்கத்தான் வேணும்" என்றார் பாஸ். அங்கிருந்த இன்னொருவர் குழாயில் காற்று ஏறியிருக்கும் என்றார். காற்றைப் பற்றிய கருத்து பலரிடம் இருப்பதால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒயிலில் காற்று இருந்தால் லீவரை இழுக்கும்போது அந்தக் காற்று சுருங்கி, தள்ளும் விசை குறையும். பிளேட்டுகள் முழுமையாகப் பிரியா. கியர் கடினமாக விழும். நியூட்ரல் கிடைக்காமல் தவிக்க நேரும். ஸ்லேவ் சிலிண்டரின் சீல் கசிந்தாலும் விளைவு இதுவேதான். வழுக்குவது இதற்கு நேர்மாறான நோய்: பிரிய வேண்டாத நேரத்தில் பிளேட்டுகள் அரைகுறையாகப் பிரிந்து நிற்பது. எனவே நான் கேட்க வேண்டிய கேள்வி, லீவரை விட்ட பின்னும் பிளேட்டுகளை ஏதேனும் தள்ளிக்கொண்டிருக்கிறதா என்பதாகவே இருந்தது.

மாஸ்டர் சிலிண்டரின் ஒயில் கிண்ணத்தைத் திறந்தேன். ஒயில் மேல் கோட்டைத் தாண்டி விளிம்புவரை நின்றது; நிறம் கடும் பழுப்பு. பிரேக்கில் பாட் தேயத் தேய ஒயில் மட்டம் இறங்கும் என்பது எல்லோரும் அறிந்தது. கிளச்சில் அது தலைகீழ். பிளேட்டுகள் தேய்ந்து அவற்றின் அடுக்கு மெலியும்போது தள்ளுகம்பி ஸ்லேவ் பிஸ்டனை உள்நோக்கி அழுத்துவதால், ஒயில் திரும்பி வந்து மட்டம் உயர்கிறது. இதை எண்ணாமல், முன்பு சர்வீஸ் செய்த இடத்தில் பிரேக்குக்குச் செய்வதுபோல் இதையும் நிரப்பியிருக்கக்கூடும்.

கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். பெரியது சிலிண்டருக்குள் ஒயில் இறங்குவதற்கானது. மற்றது ஊசிமுனை அளவே ஆனது. லீவரை விட்டபின் மிகுதியான ஒயில் அதன் வழியாகத்தான் மேலே திரும்ப வேண்டும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு லீவரை மெல்ல இழுத்தால், இழுப்பின் தொடக்கத்தில் அந்தச் சிறு துளைக்கு மேல் ஒயில் சிறிது பொங்கி எழ வேண்டும். என் வண்டியில் அசைவே இல்லை. பழைய ஒயிலின் கசடு பசையாகித் துளையை அடைத்திருந்தது. இதன் விளைவை ஒழுங்காக யோசித்தால் கினிகத்தேனையில் நடந்தது புரிந்துவிடும்: ஒவ்வொரு முறை கிளச்சைப் பிடித்து விடும்போதும் சிறிது ஒயில் உள்ளே இறங்குகிறது, மேலே திரும்ப வழியில்லை, அத்துடன் இஞ்சின் சூட்டில் ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள ஒயில் விரிகிறது, தேங்கிய அழுத்தம் தள்ளுகம்பியை நெருக்க, பிளேட்டுகள் தம் பிடியை இழக்கின்றன. ஆறியதும் ஒயில் சுருங்குகிறது, பிடி திரும்புகிறது.

ஆயினும் ஊகத்தை மட்டும் நம்பி வேலையைத் தொடங்க நான் விரும்பவில்லை. ஹட்டன் பக்கமாக ஏறி, வண்டி நன்றாகச் சூடாகி வழுக்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரில் ஒயிலையும் காற்றையும் வெளியேற்றுவதற்கான சிறு திருகான பிளீடர் நிப்பிளில் ஒளிபுகும் குழாயைச் செருகி, லீவரைத் தொடாமலே அதைச் சற்றுத் தளர்த்தினேன். ஒயில் விசையோடு பீறிட்டது. நிப்பிளை இறுக்கி மீண்டும் ஏறியபோது வழுக்கல் மறைந்திருந்தது. ஹைட்ரோலிக் கிளச் உள்ள எவரும் இஞ்சினைத் திறக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். சூடான குழாயும் ஒயிலும் கையைச் சுடும் என்பதால் கையுறை அவசியம்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, கேபிளிலிருந்து பிரித்த ஒற்றை இழையால் சிறு துளையைத் திறந்தேன். துளையை அகலப்படுத்திவிடாமல் மிகப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. ரப்பர் பாகங்களைப் பெற்றோலில் கழுவக் கூடாது, அவை ஊதிக் கெட்டுவிடும். புதிய பிரேக் ஒயிலிலேயே கழுவ வேண்டும். சீல் தொகுதியை, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி எடுப்பித்தேன். ஸ்லேவ் பிஸ்டன் துருவால் இறுகி நின்றாலும் இதே நோய் வரும் என்பதால் அதையும் கழற்றிப் பார்த்தேன். அது தடையின்றி நகர்ந்தது.

ஒயிலைப் பொறுத்தவரை, மூடியில் பொறித்திருப்பதே கட்டளை. என் வண்டிக்கு டொட் 4 என்ற தரத்துப் பிரேக் ஒயில். சில வண்டிகளின் கிளச்சுக்கு மினரல் ஒயில் உண்டு; இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் அழிந்துவிடும். டொட் 4 ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. அதன் தரவிதியில் புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 பாகை. எனவே திறந்து பல காலம் வைத்திருந்த போத்தலை ஒதுக்கி, சீல் உடைக்காததையே வாங்கினேன். இது பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் டேங்கை ஈரத்துணியால் மூடிக்கொண்டு பிளீட் செய்தேன், அதாவது குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினேன்.

வழுக்கிய காலத்தில் பிளேட்டுகள் சூடேறியிருக்கும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவது நியாயம் என்று பட்டது. உராய்வுப் பிளேட்டின் தடிப்பையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வேர்னியரால் அளந்தேன். இரண்டும் கைநூலில் தந்த எல்லைக்குள் இருந்தன. எஃகுப் பிளேட்டுகளில், மிகைச் சூட்டைக் காட்டும் நீலம் பாய்ந்த தடம் இல்லை. இஞ்சின் ஒயிலை, மோட்டார் சைக்கிள்களுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ2 குறி உள்ளதாக மாற்றினேன். கார்களுக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள், ஒயிலில் நனைந்தே இயங்கும் இத்தகைய கிளச்சை வழுக்கச் செய்யும்.

அதன்பின் கித்துல்கலையிலிருந்து நடுப்பகல் வாகன நெரிசலிலேயே ஏறினேன். உயர் கியரில் முழு அக்சிலேட்டர் கொடுத்தும் சுழற்சியும் வேகமும் ஒன்றாகவே கூடின. கிளச் ஒயிலை இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதாக இருக்கிறேன். மட்டம் உயர்ந்திருக்கக் கண்டால், உறிஞ்சிக் குறைக்கும் முன் பிளேட்டின் தடிப்பை அளந்து பார்ப்பேன்.