100/90 கழற்றி 120/80, கடைசியில் 110/80: பின் டயர் அகலத்தை மாற்றிப் பார்த்த குறிப்புகள்

வண்டி 150 சிசி. கம்பெனியிலிருந்து வந்த பின் டயர் 100/90-17, டியூப்லெஸ். அதாவது அகலம் 100 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை ரப்பரோடு சமமாகிவிட்டது. இரு சக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கிற 0.8 மி.மீ. ஆழம் முடிந்தது என்று அர்த்தம். மாற்றுகிற வேளையில் கொஞ்சம் அகலமாகவே போட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி.

2008-இல் யமஹா எஃப்இசட் 16 பின்னால் 140/60-17 போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து எல்லா 150 சிசி வண்டிக்காரர்களுக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் அந்த வண்டியின் ரிம்மே அகலம். கேடிஎம் 200 டியூக்கில் 150/60-17 உட்கார்வது 4 அங்குல ரிம்மில். டயரை மட்டும் பார்த்துவிட்டு ரிம்மைப் பார்க்காமல் விடுவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

அதனால் முதல் வேலை ரிம்மைத் துடைத்து எண்ணைப் படிப்பது. அலாய் சக்கரத்தில் ஆரத்தின் மேலோ ரிம் ஓரத்திலோ வார்ப்பெழுத்தாக இருக்கும். இதில் 17 x எம்டி 2.15. அந்த 2.15 அங்குலம், டயரின் இரண்டு விளிம்புக் கம்பியும் உட்காரும் இடங்களுக்கு நடுவே உள்ள அகலம், ஏறக்குறைய 54.6 மி.மீ. டேப்பை ரிம்மின் வெளி ஓரத்தில் வைத்து அளந்தால் இதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி டயர் வாங்கக் கூடாது.

இனி டயர் கம்பெனிகளின் அளவு அட்டவணை. 100/90-க்கும் 110/80-க்கும் 2.50 அங்குல ரிம்மை வைத்துத்தான் அகலத்தைக் குறித்திருக்கிறார்கள். 120/80-க்கு அது 2.75. ரிம் அரை அங்குலம் குறுகினால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். ஆகவே 2.15 ரிம்மில் 120 என்பது 120 ஆகவே இருக்காது. அந்த ரிம் 120/80-க்கு அனுமதி எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. இது தெரிந்தும், எவ்வளவு கெடும் என்று பார்க்கவே 120/80-17 முதலில் ஏறியது.

உயரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 17 அங்குலம் 431.8 மி.மீ.; அதோடு டயர் உயரத்தின் இரண்டு மடங்கைக் கூட்டினால் மொத்த விட்டம். 100/90-க்கு 611.8, 120/80-க்கு 623.8, 110/80-க்கு 607.8. ஆக 120/80 ஏறக்குறைய 2 சதவீதம் பெரிது. கியர் அந்த அளவுக்கு நீளும், இழுவை அந்த அளவுக்குக் குறையும். இந்த வண்டியில் மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் மீட்டர் பொய் சொல்லாது. கியர் பெட்டியிலோ பின் சக்கரத்திலோ சென்சார் இருக்கிற வண்டியில் காட்டும் வேகமும் கிலோமீட்டரும் மாறும், மைலேஜ் கணக்கையும் திருத்தித்தான் படிக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றுமுன் இடைவெளிகளைக் குறித்துக்கொள்வது அவசியம். கழற்றிய பிறகு அளக்க எதுவும் இருக்காது. செயின் பக்கம், டயரின் தோளுக்கும் (முதுகு பக்கவாட்டோடு சேரும் ஓரம்) செயின் உள் தகட்டுக்கும் நடுவே 12 மி.மீ. முன்பக்கம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாய்க்கும் டயருக்கும் நடுவே 18 மி.மீ. இந்தப் பதினெட்டை ஆக்சிலை முழுக்க முன்னே தள்ளிவைத்துத்தான் அளக்க வேண்டும். புதுச் செயின் மாட்டும் நாளில் சக்கரம் அங்கேதான் போய் நிற்கும். பழைய செயின் நீண்டு, ஆக்சில் பின்னால் போயிருக்கும்போது எந்த டயரும் தாராளமாகப் பொருந்துவது போலத் தெரியும்.

120/80 ஏற்றும்போதே சிக்கல் தெரிந்தது. சோப்புத் தண்ணீர் தடவி, சுழலும் திசை அம்புக்குறியைச் சரிபார்த்து, மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தாகிவிட்டது. ஆனால் குறுகிய ரிம்மில் இரண்டு விளிம்பும் உள்ளே ஒடுங்கி நிற்பதால் காற்றைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸர் காற்றை ஒரே வீச்சில் விட்ட பிறகுதான் ‘டப்’, ‘டப்’ என்று இரண்டு சத்தம். 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி விளிம்பை உட்காரவைக்க முயலக் கூடாது. உட்காராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு போட வேண்டும். உட்கார்ந்த பின் சைடுவாலில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்க்கவும். ஓரிடத்தில் அந்தக் கோடு ரிம்முக்குள் மறைந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கை உதறும்.

அளவெடுக்கும் காலிப்பர் கருவியில் அகலம் 114 மி.மீ. பழைய 100/90 இதே ரிம்மில் 97 இருந்தது. காசு கொடுத்த 20 மி.மீட்டரில் கைக்கு வந்தது 17. செயின் பக்க இடைவெளி 3.5 மி.மீ. ஆகிப்போனது. நிற்கிற வண்டியில் உரசாது. பள்ளத்தில் விழுந்து செயின் அலையும்போது உரசும். 5 மி.மீட்டருக்குக் குறைந்தால் விடக் கூடாது என்பதே சரியான கணக்கு. செயினின் உள்பக்கம் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து, பின்னால் ஆள் ஏற்றி வேகத்தடைகள் மேல் ஓட்டியதில் டயரின் தோளில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

ஓட்டத்தில் தெரிந்தது இன்னும் முக்கியம். குறுகிய ரிம் பக்கவாட்டைப் பிடித்து இழுப்பதால் டயரின் முதுகு கூம்புகிறது. நேராகப் போகும்போது தரையில் படுவது நடுப்பட்டை மட்டும். வளைவில் சாய்க்கத் தொடங்கியதும் வண்டி சட்டென்று விழுகிறது, பிறகு பாதியில் நிலையில்லாமல் அசைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குப் புது டயரின் ரப்பர் முடிகள் அப்படியே நின்றன. அகலத்துக்குக் கொடுத்த பணம் தரையைத் தொடவே இல்லை.

அகலமான டயர் என்றால் தரையில் கூடுதலாகப் பதியும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. பதியும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது வண்டியின் எடையும் காற்றழுத்தமும். அதே அழுத்தத்தில் அகல டயரின் பதிவு அகலமாகவும் நீளம் குறைந்தும் இருக்கும், அவ்வளவே. மழையில் அது கூடுதல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தராசில் வைத்தபோது பழைய அளவைவிட ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூட. டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்த மைலேஜ் 48-லிருந்து 45-க்கு இறங்கியது. 600 கிலோமீட்டரில் 120/80 கழன்றது.

அடுத்து 110/80-17. பக்கவாட்டில் 57பி என்று இருந்தது: 57 என்றால் தாங்கும் சுமை 230 கிலோ, பி என்றால் அதிகபட்ச வேகம் மணிக்கு 150 கி.மீ. பழைய டயர் 55பி, அதாவது 218 கிலோ. அளவை மாற்றும்போது இந்தச் சுமை எண் பழையதைவிடக் குறையவே கூடாது. மனைவி, குழந்தை, அரிசி மூட்டை எல்லாம் பின் டயர் மேல்தான். நான்கு இலக்கத் தேதியையும் படிக்கவும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

இது இரண்டாம் முயற்சியிலேயே உட்கார்ந்தது. அகலம் 107, செயின் பக்க இடைவெளி 7 மி.மீ. சுண்ணாம்புச் சோதனையில் ஒரு கோடும் இல்லை. விட்டம் பழையதைவிட 4 மி.மீ. குறைவு என்பதால் இழுவை குறையவில்லை. தனியாக 28, ஆளோடு 32 பிஎஸ்ஐ, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. முதல் 200 கிலோமீட்டர் வரை புது ரப்பரின் வழுவழுப்பு போகாது, அதுவரை வளைவில் சாய்க்க வேண்டாம்.

1,500 கிலோமீட்டர் ஆன நிலையில் தேய்மானம் நடுவிலிருந்து ஓரம் வரை சீராக இருக்கிறது, ரப்பர் முடி நிற்பது ஓரத்தில் நூலளவுதான். மைலேஜ் 47. செயினை ஒருமுறை இறுக்கியாகிவிட்டது. இறுக்கியதும் பிரேக் ராட் நட்டையும் சரிசெய்து, இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்து, செயின் பக்க இடைவெளியை மறுபடி அளந்தபோதும் அதே 7 மி.மீ.