நெஞ்சு வலி என்று போனேன், கர்ப்பப்பையில் போய் முடிந்தது

நெஞ்சு வலி என்று போனதால் முதலில் இதயத்தைத்தான் பார்த்தார்கள். ஈசிஜி, இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின், இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்கும், படபடக்கும், மூச்சு வாங்கும். உட்கார்ந்தால் அடங்கிவிடும். வாயுத் தொல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். டாக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பீரியட்ஸ் எப்படிம்மா போகுது?" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும், கட்டி கட்டியாகப் போகும், ஏழு நாளைத் தாண்டியும் நிற்காது என்றேன். ஹீமோகுளோபின் 6.8 வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். கடைசியில் அதன் தசைக்கே ஆக்சிஜன் போதாது. அந்த இறுக்கம் அதுதான்.

அத்தோடு அவர் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கருத்தடை மாத்திரை போடுகிறீர்களா, ஒரு கால் மட்டும் வீங்கியதா, மூச்சை இழுத்தால் குத்துகிறதா என்று கேட்டார். நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்திருந்தாலும் இப்படி வலிக்குமாம். மாதவிடாய் தொடங்கும் நாட்களில் மட்டும், அதிலும் வலப்பக்கம் வலி வருகிறதா என்றும் ஒரு கேள்வி. கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு உதரவிதானத்திலோ நுரையீரல் உறையிலோ வளர்வது அபூர்வம், ஆனால் உண்டு. எனக்கு இவை எதுவும் இல்லை.

ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அது ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம்தான் உயர்த்தும். மீதிக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து.

அப்புறம் மகளிர் மருத்துவர். தைராய்டு, ரத்தம் உறையும் தன்மை, காப்பர் டி, ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கச் சிரமப்பட்டதா என்றுகூடக் கேட்டார். பிறவியிலேயே உறைதல் கோளாறு உள்ள சிலருக்கு மாதவிடாயில்தான் அது முதலில் தெரியுமாம். ஸ்கேனில் ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைத் தசைக்கட்டி தெரிந்தது. 2 செ.மீ.தான். இத்தனூண்டு கட்டியா இவ்வளவு செய்தது என்றேன். அளவைவிட இடம்தான் முக்கியம், இது கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது என்றார்.

போக்கைக் குறைக்க, பீரியட்ஸ் நாட்களில் மட்டும் ட்ரானெக்சாமிக் ஆசிட். அதைத் தருவதற்கு முன்பும் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்ற அதே கேள்வி. ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியதும் வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் கருவி செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். படியேறும்போது வரும் இறுக்கம் அதற்கு முன்பே போய்விட்டது.

ஓய்வாக இருக்கும்போதே வலித்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்து மயக்கம் வந்தாலோ பீரியட்ஸைக் காரணம் காட்டிக் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுதான் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். இரும்பு மாத்திரை இன்னும் தொடர்கிறது. ஹீமோகுளோபின் சரியானாலும் உடம்பின் சேமிப்பு நிரம்ப மேலும் 3 மாதமாவது சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அடுத்த முறை அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.