ஏர்லி விண்ணப்பங்களும் கவுன்சிலரின் மறுப்பும்: எங்கள் அனுபவம்

எங்கள் மகளின் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்கள் எல்லாம் முடிந்து, நல்ல முடிவும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும், அக்டோபர் மாதத்தில் அவளுடைய பள்ளிக் கவுன்சிலரிடம் (விண்ணப்பங்களைக் கவனிக்கும் பள்ளி வழிகாட்டி) நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் பெற்றோருக்கு அந்த அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சாதாரண சுற்றுக்கு முன்பே விண்ணப்பித்து முடிவைப் பெறுவதுதான் ஏர்லி. அதில் ஏர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், ஏர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டாயம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குழப்பம் எழுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள வகையில்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவற்றின் ஏர்லி ஆக்‌ஷனில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே விண்ணப்பிப்பவர் அதே பருவத்தில் வேறு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எங்கள் மகள் யேலுக்கு ஏர்லியில் விண்ணப்பிக்க முடிவு செய்து, கூடவே ரட்கர்ஸ், மேரிலாந்து, பர்டூ ஆகிய மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஏர்லி ஆக்‌ஷனில் விண்ணப்பிக்கத் திட்டமிட்டிருந்தாள். நான்குக்கும் கடைசி நாள் நவம்பர் 1.

கவுன்சிலர் அதைப் பார்த்தவுடனேயே மறுத்துவிட்டார். யேலுக்கு ஏர்லி என்றால் வேறு எதற்கும் ஏர்லி கிடையாது என்றும், மற்ற மூன்றுக்கும் பள்ளி ஆவணங்களை அனுப்ப முடியாது என்றும், வேண்டுமானால் அவற்றைச் சாதாரண சுற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அது சின்ன விஷயமில்லை. மேரிலாந்து தன் இடங்களில் பெரும்பகுதியை நவம்பர் 1க்குள் வந்த விண்ணப்பங்களிலிருந்தே நிரப்புகிறது. பர்டூவில் தகுதி உதவித்தொகைக்கு முழுமையாகப் பரிசீலிக்கப்பட வேண்டுமானால் அதே தேதிக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அவர் சொன்னபடி கேட்டிருந்தால் இரண்டு வாய்ப்புகளும் கை நழுவியிருக்கும்.

விதியோ தெளிவாகவே இருக்கிறது. சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத வகையாக இருந்தால் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கும், வெளிநாட்டில் உள்ள எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் யேலுடன் சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்று யேலின் சேர்க்கைப் பக்கமே சொல்கிறது. மகள் அதை அச்செடுத்து, உரிய வரியை மஞ்சள் மையால் குறித்து எடுத்துப் போனாள். இங்கே இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை என்று சொல்லி அந்தத் தாளை அவர் படிக்காமலே திருப்பிக் கொடுத்ததுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. பிறகு, மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் குறிப்பிட்டு யேலின் சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினோம். தடை இல்லை என்று பதில் வந்தது. அதை அவருக்கும் அவருடைய மேலாளருக்கும் ஒருசேர அனுப்பியவுடன் பள்ளி ஆவணங்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தன. வாய்மொழியாக வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கி, அந்த எழுத்தையே காட்டுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. எம்.ஐ.டி. தன் ஏர்லி ஆக்‌ஷனுக்கு இத்தகைய தடை எதையும் வைக்கவில்லை, ஆகவே யேலுடன் சேர்த்துப் போடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது தவறு. எம்.ஐ.டி. தனியார் நிறுவனம் என்பதால் யேலின் விதி அங்கே குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கத்து விதிகளும் ஒருசேர அனுமதித்தால்தான் விண்ணப்பிக்க முடியும். அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே பயமில்லை என்பதும் சரியன்று. வர்ஜீனியா பல்கலைக்கழகம் அரசு நிறுவனம்தான், ஆனால் அங்கே ஏர்லி டிசிஷனும் இருக்கிறது. அதன் ஏர்லி ஆக்‌ஷனை மட்டுமே இந்த விதி அனுமதிக்கும். நோட்டர் டேமின் வரம்போ வேறு விதம்: பிற தனியார் கல்லூரிகளின் ஏர்லி ஆக்‌ஷனைக் கூட அது தடுப்பதில்லை, ஏர்லி டிசிஷனை மட்டுமே தடுக்கிறது. ஒரு கல்லூரியின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது வீண் வேலை.

இரண்டு இடங்களுக்கு ஏர்லி டிசிஷன் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாட்ஸ்அப் குழுக்களில் சொல்பவர்களுக்குத் தயவுசெய்து செவிசாய்க்காதீர்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் ஏர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். அதை மீறினால் கிடைத்த இடமும் ரத்தாகலாம். அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் மீதும் அந்தக் கறை படியலாம்.

டிசம்பர் நடுவில் யேலிலிருந்து டெஃபர், அதாவது முடிவைச் சாதாரண சுற்றுக்குத் தள்ளிவைக்கிறோம், என்று வந்தது. அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாளே, வேறொரு கல்லூரிக்கு ஜனவரியில் விண்ணப்பிக்கும் இரண்டாம் சுற்று ஏர்லி டிசிஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். முடிவு ஜனவரி 1க்குப் பிறகு வருமானால் அதற்கு யேல் தடை சொல்வதில்லை. ஆனால் அங்கே இடம் கிடைத்தால், டெஃபர் ஆகி நிற்கும் யேல் விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றாக வேண்டும். மார்ச் இறுதி வரை காத்திருக்கும் நம்பிக்கையை விட்டுவிடச் சம்மதமா என்பதை முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். எங்கள் மகள் ஒரு நாள் முழுவதும் யோசித்த பிறகு சம்மதித்தாள். அதன்பின், இரண்டாம் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்த கல்லூரியின் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (நிதியுதவி போக நாம் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) எங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் இட்டுப் பார்த்து, கட்டக்கூடிய தொகைதான் என்று உறுதியான பிறகே கையெழுத்திட்டேன். போதிய நிதியுதவி கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலக வழி உண்டுதான்; ஆனால் அதை நம்பிக் கையெழுத்திடுவது நல்லதல்ல.

கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது, பள்ளியோ கிறிஸ்துமஸ் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். எனவே விடுமுறைக்கு முந்தைய வாரத்திலேயே கவுன்சிலரிடம் சொல்லி, ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து பதிவாகிவிட்டதைக் காமன் ஆப் பக்கத்தில் கண்ணால் பார்த்த பிறகே மகள் அவர் அறையை விட்டு வெளியே வந்தாள்.

பிப்ரவரியில் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்றே யேல், மேரிலாந்து, பர்டூ, ரட்கர்ஸ் ஆகிய எல்லா இடங்களுக்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்தோம். சிலவற்றில் அவர்களுடைய மாணவர் பக்கத்திலேயே அதற்கான வசதி இருந்தது. மற்றவற்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. பெற்றுக்கொண்டோம் என்று வந்த பதில்களைத் தனிக் கோப்பில் சேமித்து வைத்திருக்கிறோம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.