சூட்டில் மட்டும் செல்ஃப் எடுக்காத கார்

போன மே மாதம், தங்கை கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் புடவை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் வேலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். இரத்தினகிரி அடிவாரத்தில் டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அக்கினி நட்சத்திர வெயிலில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பிவிட்டது.

அப்பா 2004-ல் வாங்கிய பெட்ரோல் கார் அது. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். விற்க மனம் வரவில்லை.

முதலில் காட்டிய மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்றார். புதுசு போட்டோம். இரண்டு வாரம் கழித்து ஆம்பூரிலிருந்து வரும்போது பள்ளிகொண்டாவில் மறுபடியும் அதே ‘டிக்’. டீக்கடையில் இருந்த இரண்டு பேர் தள்ளிவிட, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. அடுத்து, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றலாம் என்றார்கள். எதையும் அளந்து பார்க்காமல் இன்னொரு சாமானை மாற்ற எனக்கு இஷ்டமில்லை.

காட்பாடியில் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோனால் அங்கே பத்து தடவையும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. “எல்லாம் நல்லாதான் சார் கீது. மக்கர் பண்றப்போ வோல்ட் மீட்டர் வெச்சுப் பார்த்தாதான் தெரியும். மீட்டரை வண்டியிலயே வெச்சுக்குங்க” என்றார். எனக்கு உருப்படியாகக் கிடைத்த முதல் யோசனை அதுதான்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். காலையில் ஒருநாளும் படுத்ததில்லை. ஊருக்குள் சத்துவாச்சாரி, பாகாயம் என்று சுற்றினாலும் இல்லை. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, பத்திருபது நிமிடம் நின்றால்தான் வந்தது. ஓடும்போது காற்று பட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இன்ஜின் சூடு பானெட்டுக்குள்ளேயே தேங்கி, செல்ஃப் மோட்டார் இன்னும் அதிகமாகச் சூடாகிவிடும். இன்னொன்றும் கவனித்தேன். செல்ஃப் எடுக்காத நேரத்தில் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் வெளிச்சம் மங்கவே இல்லை. பேட்டரியோ அதன் முனை இணைப்போ மோசமாக இருந்தால் வெளிச்சம் அப்படியே சுருங்கிப் போயிருக்கும்.

செல்ஃப் மோட்டார் மேல் இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்த சுவிட்சுக்குச் சாவியிலிருந்து மெல்லிய வயர் ஒன்று போகிறது. சாவியைத் திருப்பினால் அதில் கரண்ட் வந்து, சோலினாய்டு இழுத்து, பெரிய கேபிளை மோட்டாரோடு இணைக்கும். அந்த மெல்லிய வயரிலிருந்து ஒரு நீள வயரை டிரைவர் சீட் வரை இழுத்து மீட்டரில் செருகிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாலாஜா தாண்டிப் போய்த் திரும்பி, ராணிப்பேட்டையில் நிறுத்திக் காத்திருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் மாட்டியது. பேட்டரியில் 12.3 வோல்ட். சாவியைத் திருப்பிப் பிடித்தால் சோலினாய்டு வயரில் 7.1. வழியிலேயே ஐந்து வோல்ட் காணாமல் போகிறது! நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து சோலினாய்டின் சின்ன முனையை நேராகத் தொட்டேன். செல்ஃப் சட்டென்று சுழன்றது. மாற்றச் சொன்ன மோட்டார் நன்றாகவே இருந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சூட்டில் மட்டும் ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. தாமிரக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். சோலினாய்டு சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை கால் பங்கு அளவுக்குக் கூடி, கரண்டும் இழுக்கும் பலமும் குறைந்துவிடுகிறது. காலையில் குறைந்த வோல்ட்டிலேயே சமாளித்து இழுத்த சோலினாய்டால் மதியம் அது முடியவில்லை.

காட்பாடிக்காரர் ஸ்டீயரிங்குக்குக் கீழே கழற்றிக் காட்டினார். சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்சில் வயர்களைச் செருகும் கப்ளரில் ஒரு முனை மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. சுவிட்சையும் கப்ளரையும் மாற்றினோம். அதோடு, சாவி வயர் ஒரு ரிலேயை (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) மட்டும் இயக்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகச் சோலினாய்டுக்கு நேராகக் கரண்ட் போகும்படி மாற்றச் சொன்னேன். பழைய வண்டிகளுக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். ரிலேயின் சுருள் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுவிட்ச் முனை இனி அப்படிக் கருகாது. பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் உள்ள எர்த் வயரையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம்.

மறுவாரம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மறுபடியும் காஞ்சிபுரம் போனோம். திரும்பும்போது அதே இரத்தினகிரியில் வேண்டுமென்றே நிறுத்தினேன். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பப் போனபோது அம்மா கையில் குடையோடு கதவைத் திறக்கத் தயாராக இருந்தார். செல்ஃப் ஒரே சுழற்சியில் எடுத்தது. அவர் குடையைப் பின் சீட்டில் போட்டார்.