27 டிகிரியில் பனிக்கட்டி

விமானப் பயிற்றுநராக இருந்த ஆண்டுகளில் நான் சொல்லி மாணவர்கள் எளிதில் நம்பாத விஷயம் ஒன்று உண்டு. சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கத்திலும் எஞ்சினுக்குள் பனிக்கட்டி பிடிக்கும் என்பதுதான் அது. கடலோரத்தில் வளர்ந்த பையன்கள். பனிக்கட்டி என்றால் கரும்புச்சாறு வண்டிதான் அவர்கள் நினைவுக்கு வரும்.

பழைய செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் குறுகலான கழுத்து ஒன்று இருக்கிறது. காற்று அங்கே வேகமெடுக்கும், பெட்ரோல் ஆவியாகும். இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 30 டிகிரிகூட இறக்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் உறைந்து வழியை அடைக்கும்.

ஒரு நவம்பர் காலை. இரவு முழுவதும் பெய்த மழை ஓய்ந்திருந்தது. தரையில் 27 டிகிரி. 2,500 அடியில் பறந்துகொண்டிருந்தோம். மாணவன் எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினான். சற்றுப் பொறுத்து இன்னும் கொஞ்சம். நான் வெளியே ஏரிகள் நிரம்பியிருப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறைதான் கேட்டேன்.

"எதற்குத் தம்பி தள்ளிக்கொண்டே இருக்கிறாய்?"

"உயரம் குறைகிறது சார்."

எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 2,300-இலிருந்து 2,000-க்கு வந்திருந்தது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை இழுக்கச் சொன்னேன். இழுத்தான். எஞ்சின் இருமியது, சுற்று இன்னும் விழுந்தது, முன்கண்ணாடி அதிர்ந்தது. உடனே குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். உருகிய பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போகும்போது நிலைமை மோசமாவதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்தச் சூடு புகைபோக்கிக் குழாயிலிருந்து வருவது. எஞ்சின் தளரத் தளர அதுவும் ஆறிப்போகும். பிறகு இழுத்தாலும் பயனில்லை. குமிழை நானே இழுத்து, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

வேகத்தை மணிக்கு 65 கடல் மைலில் வைத்து இடம் தேடினோம். எஞ்சின் முற்றாக நின்றால் 1,000 அடி இறங்குவதற்குள் சுமார் 1.5 கடல் மைல்தான் போக முடியும். அவன் காட்டியது நடவு முடிந்த வயல். மேலிருந்து பார்த்தால் புல்வெளிதான். முன்சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு தரிசு நிலம் தெரிந்தது. மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் கம்பங்களைத் தேடினேன். ஒரு வரிசை, நல்லவேளை, ஓரமாகவே போனது.

தரிசின் மேல் வட்டமிட்டு 1,400 அடிக்கு இறங்கியபோது எஞ்சின் பெரிதாக ஒருமுறை உதறிவிட்டுச் சீரானது. கீழே ஆடுகள் சிதறி ஓடின.

திரும்பி வந்ததும் மெக்கானிக் மூடியைத் திறந்து, கார்புரேட்டரைக் கழற்றி, கழுத்தில் விரல்விட்டுத் துடைத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது. "ஒன்றும் இல்லையே சார்" என்றார். பதிவேட்டிலும் அப்படியே எழுதினார். மாணவன் மட்டும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.