செவலையும் குழிக்கரண்டியும்

பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, நாகமலை புதுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில், பூஜை அறை வாசலில் போட்டிருந்த சாக்கு மிதியடி ஈரமாகக் கிடந்தது. எங்கள் நாய் செவலைக்கு அப்போது ஆறு வயது. குட்டியாக வந்து பழகிய நாளிலிருந்து அது வீட்டுக்குள் ஒருமுறைகூட ஒன்றுக்குப் போனதில்லை. அவசரம் என்றால் கொல்லைக் கதவை முன்னங்காலால் இரண்டு தடவை பிறாண்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும். அப்படிப்பட்ட நாய் அன்று மாலைக்குள் கூடத்தில் இரண்டு இடத்திலும் அடுக்களை நடையில் ஓரிடத்திலும் நனைத்துவிட்டது.

"நீ குடுக்குற செல்லம்தான், நாய்க்குத் திமிரு ஏறிப்போச்சு" என்றார் அம்மா. நானும் அதையே நம்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதட்டினேன், ஈரமான இடத்துக்கு இழுத்துப் போய் முகத்தைக் காட்டினேன், போதாததற்கு மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்ச் சட்டியையும் எடுத்து வைத்துவிட்டேன். மதுரை வெயிலில் ஒரு பிராணிக்குத் தண்ணீரை மறுத்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்றாம் நாள் கொல்லையில் அதன் பின்னாலேயே நடந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வேப்ப மரத்தடியில் குந்தியது, நான்கைந்து சொட்டு விழுந்தது, எழுந்து இரண்டு அடி நடந்து மறுபடியும் குந்தியது. இப்படி ஆறு முறை. வீட்டுக்குள் வந்து அது படுத்து நக்கிய பழைய வேட்டித் துணியில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கறை இருந்தது. திமிர் பிடித்த நாய்க்கு இரத்தம் வராது.

அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். மாட்டாஸ்பத்திரி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டாலும், அங்கே வரிசையில் நின்றவை பெரும்பாலும் நாய்களும் பூனைகளும்தான். மருத்துவர் நாயைத் தொடும் முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறதா, சொட்டுச் சொட்டாகவா? விழித்திருக்கும்போது குந்திப் போகிறதா, தூக்கத்தில் தன்னை அறியாமல் ஒழுகுகிறதா? தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா? இந்த மூன்றுக்கும் சரியாகப் பதில் கிடைத்தாலே பாதி நோய் தெரிந்துவிடும் என்றார். அடிக்கடி முக்கிச் சிறிதளவு போனால் பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலோ குழாயிலோ கோளாறு. படுத்த இடம் நனைந்தால், குறிப்பாகக் கருத்தடை செய்த பெண் நாய்க்கு, சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்திருக்கலாம். குடம் குடமாகக் குடித்துக் குளம் குளமாகப் போனால் சர்க்கரை நோயையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், கருத்தடை செய்யாத நாயாக இருந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்றும் உடனே பார்க்க வேண்டும்.

தண்ணீரை மறுபடி வைத்து 24 மணி நேரக் கணக்கு எடுத்து வரச் சொன்னார். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது நோயின் அடையாளம். செவலையின் எடை 18 கிலோ. அளந்து ஊற்றி, மிஞ்சியதைக் கழித்துப் பார்த்ததில் ஒரு லிட்டருக்குச் சற்றே மேல் வந்தது. ஆகவே சந்தேகம் சிறுநீர்ப்பையின் மேல் நின்றது.

அடுத்து சிறுநீர் மாதிரி. இதை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். கிண்ணத்தை நீட்டினால் செவலை எழுந்து ஓடிவிடும். கடைசியில் அடுக்களையில் இருந்த எவர்சில்வர் குழிக்கரண்டியை வெந்நீரில் கழுவி உலர்த்தி, ஒட்டடைக் கம்பின் நுனியில் சணலால் கட்டி, அது குந்தியதும் பின்னாலிருந்து மெல்ல நீட்டினேன். மூன்றாவது முயற்சியில் இரண்டு தேக்கரண்டி அளவு கிடைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதால், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் உட்கார்ந்ததும் அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பரிசோதனையில் சீழ் அணுக்கள், கிருமிகள், கூடவே ஸ்ட்ரூவைட் என்ற படிகங்கள் தெரிந்தன. சிறுநீரின் கார அமில அளவு (pH) 8, அதாவது காரமாக இருந்தது. சில கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும்போது சிறுநீர் காரமாகி, அதில் இந்த உப்புகள் திரண்டு நாளடைவில் கல்லாகிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். ஸ்கேனில் கல் இல்லை. மணல் போன்ற படிவும் தடித்த பைச்சுவரும் மட்டுமே இருந்தன. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிய, வயிற்றின் வழியாக ஊசியால் நேரடியாகச் சிறுநீர் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். கரண்டியில் பிடித்தது அதற்கு உதவாதாம். முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், டைக்ளோபினாக்கும் இபுபுரூபனும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று அழுத்திச் சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணன் அதைத்தான் சிபாரிசு செய்திருந்தார்.

எங்களுக்கு அடுத்து நின்றவர் கொண்டு வந்தது ஆண் நாய். முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை. அதை எங்களை முந்தி உள்ளே அழைத்தார்கள். ஆண் நாயின் குழாய் குறுகல் என்பதால் கல் சிக்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கிருமிக்கான மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் கொடுத்தோம். இரண்டாம் நாளே முக்கல் குறைந்துவிட்டதால் நிறுத்தலாமே என்று அம்மா ஒருமுறை கேட்டார். சோற்றில் தண்ணீர் கூட்டி நீர்க்கப் பிசைந்து வைத்தோம். வெளியே விடும் நேரங்களையும் நான்கிலிருந்து ஆறாக்கினோம். கூடத்தில் பினாயில் ஊற்றிக் கழுவியது வீண் வேலை. நம் மூக்குக்கு வாடை போனாலும் நாயின் மூக்குக்குப் போவதில்லை. சிறுநீர் வாடையை உடைக்கும் என்சைம் திரவம் வாங்கி ஊறவிட்டுத் துடைத்த பிறகுதான் அது அந்த மூலையை மோந்து பார்ப்பதை விட்டது.

மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை, படிகமும் இல்லை. அந்தக் குழிக்கரண்டி அடுக்களைக்குத் திரும்பவில்லை. கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. சாம்பாருக்கு அம்மா வேறு வாங்கிவிட்டார்.