கேப்டன் புண்ணியகோடி பிரேக் போட்ட கதை

புண்ணியகோடி முதல் தடவை திரும்பி வந்தபோது கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. ‘விண்கலம் என்று வரும் இடத்திலெல்லாம் டவுன் பஸ் என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். கதையில் ஒன்றும் மாறவில்லை.’ கீழே பத்திரிகை ஆசிரியரின் கையெழுத்து.

புண்ணியகோடி என் கதாநாயகன். வயது 52, சரக்கு விண்கலம் ஓட்டுகிறவர், தொட்டது எதுவும் துலங்காதவர். அவரை வைத்து ஆறு நகைச்சுவைக் கதைகள் எழுதுவதாகத் திட்டம். முதல் கதையில் அவர் தூங்கிவிடுவார், சாவியைத் தொலைப்பார், கண்ட்ரோல் பலகையில் சாம்பாரைக் கொட்டுவார், செவ்வாய்க்குப் போக வேண்டியவர் நிலாவில் இறங்குவார். எழுதும்போது நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் ஆசிரியர் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள், யாரும் இல்லாத நேரத்தில், முதல் பக்கத்தை டவுன் பஸ் போட்டு வாசித்தேன். கண்டக்டர் ஒருவர்தான் குறை.

சரி, விண்வெளியில் மட்டுமே செய்ய முடிகிற தப்பு வேண்டும். எனக்கோ கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. ஈர்ப்பு விசையோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு, ஒருமுறை மாடிப்படியில் விழுந்தது. எனவே ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து, நாசாவின் பழைய பயணங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வீரர்களும் தரைக் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொண்டதை வரிக்கு வரி தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முக்கால்வாசி வெறும் எண்கள். கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அது சலிக்கவில்லை.

ஒரு வாரத்தில் எனக்கு வேண்டியது கிடைத்தது. 1965 ஜூன் 3. ஜெமினி 4. ஜேம்ஸ் மெக்டிவிட்டும் எட் வைட்டும் உள்ளே. அவர்களைச் சுமந்துவந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு, எரிபொருள் தீர்ந்து பக்கத்திலேயே மிதக்கிறது. அதன் அருகே போய் கூடவே பறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மெக்டிவிட் அதை நேராகக் குறிபார்த்து உந்துபொறியை இயக்குகிறார். அது விலகுகிறது. இன்னும் கொஞ்சம் இயக்குகிறார். இன்னும் விலகுகிறது. எரிபொருள் கரைந்துகொண்டே போக, கடைசியில் முயற்சியையே கைவிட்டார்கள்.

ஏன் என்பது புரிய எனக்கு நாலு ராத்திரி ஆனது. புரிந்ததும் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. அகப்பட்டவர் என் மச்சான், மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் நடுவில் ஒரு கிண்ணத்தையும் கவிழ்த்தேன். தட்டின் விளிம்பில் ஒரு புளியங்கொட்டை, அதற்குப் பின்னால் இன்னொன்று.

“முன்னால போறதைப் பிடிக்கணும், மச்சான். என்ன செய்வீங்க?”

“ஆக்சிலேட்டரை மிதிப்பேன்.”

“மிதிச்சா வண்டி இன்னும் பெரிய வட்டத்துக்கு ஏறிரும். சுத்தி வர நேரம் கூடும். அவன் தூரமாப் போயிருவான். வேகத்தைக் குறைச்சாத்தான் கீழே இறங்கி சின்ன வட்டத்துக்கு வருவீங்க. அங்க சுத்து சீக்கிரம் முடியும். அப்படிப் போய், அவன் பக்கத்துல மேல ஏறணும்.” கொட்டையைக் கிண்ணத்தின் விளிம்புக்குத் தள்ளிக் காட்டினேன்.

மச்சான் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிரேக் போட்டா முந்தலாமா? மாப்ளே, இதை வெளிய எவன்ட்டயும் சொல்லிராத.” கை கழுவிவிட்டு வந்தவர், துண்டில் துடைத்துக்கொண்டே, “பைபாஸ்ல சுத்திப் போறவனை ஊருக்குள்ள பூந்து மடக்குற மாதிரியா?” என்றார்.

அந்த வரி அப்படியே கதைக்குள் போனது. உள் வட்டத்தில் தூரம் குறைவது மட்டுமில்லை, வேகமும் கூடுகிறது என்ற திருத்தத்தைப் புண்ணியகோடியின் கணினி சொல்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. மெக்டிவிட் சோம்பேறி இல்லை. கொரியப் போரில் 145 முறை போர் விமானத்தில் பறந்தவர், சோதனை விமானி. ஸ்காட் கார்பென்டரும் அப்படித்தான். 1962 மே மாதம் மூன்று முறை பூமியைச் சுற்றிவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தார். பல காரணங்கள் உண்டு, கருவிக் கோளாறும் சேர்த்து. ஆனால் எனக்குப் பிடித்தது இது: ஜன்னலுக்கு வெளியே மின்மினிப் பூச்சிகள் மாதிரி ஏதோ பறக்கிறது. கலத்தின் சுவரை உள்ளிருந்து தட்டினால் இன்னும் பறக்கிறது. வெளிச்சுவரில் உறைந்த பனித்துகள்தான் அது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், இறங்குவதற்கான ஆயத்த வேலைகள் பின்தங்கிப் போயின. அந்த மனிதரை முட்டாள் என்று யார் சொல்வது? நானாக இருந்தால் இன்னும் தட்டிக்கொண்டிருப்பேன்.

அதனால் புண்ணியகோடியின் ஜாதகத்தையே மாற்றினேன். தூங்குமூஞ்சி போனார். இருபது வருடம் மலைப்பாதையில் லாரி ஓட்டி ஒரு கீறல்கூட விழாதவர் வந்தார். அந்த அனுபவம்தான் மேலே அவரைக் கவிழ்க்கிறது. வழியில் ஒரு பொதியைப் பிடிக்க வேண்டும், அவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், அனுபவசாலி ஆயிற்றே. பத்துப் பக்கம் மிதிக்கிறார்.

சாம்பாரை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. அதற்கும் நாசாவிலேயே வழி கிடைத்தது. 1965 மார்ச்சில் ஜெமினி 3-இல் ஜான் யங், உப்புக்கண்ட மாட்டிறைச்சி சாண்ட்விச் ஒன்றை யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக் கொண்டுபோனார். கூட வந்த கஸ் கிரிஸம் ஒரு கடி கடித்ததும் துணுக்குகள் மிதக்க ஆரம்பித்தன, உடனே மடித்து வைத்துவிட்டார். விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. சாம்பாரை நீக்கிவிட்டு முறுக்கு வைத்தேன். முறுக்குத் தூள் சுவிட்சுகளின் இடுக்கில் போய் உட்காருவதற்கு மூன்று பக்கம் ஒதுக்கினேன்.

கலைச்சொற்கள் இன்னொரு தொல்லை. ஆரம்பத்தில் உந்துபொறியைச் சுருக்கமாக ‘உந்தி’ என்று எழுதிவைத்திருந்தேன். ‘புண்ணியகோடி பதறிப்போய் இடது உந்தியை அழுத்தினார்’ என்ற இடத்தில் மனைவி தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தொப்புள் இரண்டு உள்ள விமானியா என்று கேட்டாள். கதையில் அதுவரை யாரும் சிரித்த இடம் அது ஒன்றுதான். நீக்க வேண்டியதாயிற்று.

கணினிக்கு வருகிறேன். அப்போலோ கணினியின் விசைப்பலகையில் ‘வினைச்சொல்’ என்று ஒரு விசை, ‘பெயர்ச்சொல்’ என்று ஒரு விசை. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று இரண்டையும் எண்ணாக அழுத்த வேண்டும். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இலக்கணம் பார்க்கிற கணினி! புண்ணியகோடியின் கணினி தமிழ்ப் புலவர் ஆனது. அவர் ‘கதவை திற’ என்று தட்டினால் திறக்காது. “ஐயா, இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும்” என்று காத்திருக்கும். வெளியே காற்று கசிந்துகொண்டிருக்கும்.

அந்தக் கணினியை வைத்துத்தான் இரண்டாம் கதை. அதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை. 1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, ஜிம் லவல் 01 எண்ணுள்ள நட்சத்திரத்தைக் குறிக்கப்போய், 01 எண்ணுள்ள நிரலைத் தொடங்கிவிட்டார். அது ஏவுவதற்கு முன்னால் தரையில் பயன்படுத்துவது. கலம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்ற கணக்கு கணினியிலிருந்து போய்விட்டது. ரைஜலையும் சிரியஸையும் பார்த்துத்தான் அவர் மறுபடி சரிசெய்தார். இதில் முக்கியமான பாத்திரம் ஒரு சிறுமி. மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டனின் மகள், அம்மாவின் அலுவலகத்தில் விளையாடும்போது இதே நிரலை அழுத்தி, தரையில் ஒத்திகைக்கு வைத்திருந்த பாவனைக் கலத்தைக் கவிழ்த்திருக்கிறாள். தடுப்பு வைக்கலாமா என்று ஹாமில்டன் கேட்டதற்கு, எங்கள் வீரர்கள் அப்படித் தப்புச் செய்ய மாட்டார்கள் என்று பதில் வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். என் கதையில் செவ்வாய்க்குப் பாதி வழியில் புலவர் கணினி திடீரென்று, “ஏவுதளத்தில் நிற்கிறோம். வழியனுப்ப வந்தோர் தயவுசெய்து இறங்கவும்” என்கிறது. புண்ணியகோடி பாதி எழுந்துவிடுகிறார்.

கழிப்பறையை வைத்து ஒரு கதை எழுதினேன். அதற்கும் அப்போலோ 10-இல் ஆதாரம் இருந்தது. குடும்பப் பத்திரிகை என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆதாரம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

மொத்தம் ஏழு மாதம். பிரேக் கதையை மட்டும் ஒன்பது முறை எழுதினேன். ஒன்பதாவது தடவை துண்டுச் சீட்டு வரவில்லை, மெய்ப்பு வந்தது. கணினி பேசுகிற இடங்களில் மட்டும் நாலு ஒற்றுப்பிழை.

இதழ் வந்த அன்று மச்சான் அஞ்சு பிரதி வாங்கிக்கொண்டு வந்தார். கதையைப் பிறகு படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓவியத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஓவியர் நன்றாகத்தான் வரைந்திருந்தார். புண்ணியகோடியின் மீசை, சிதறிப் பறக்கிற முறுக்கு, கண்ணாடிக்கு மேலே கயிற்றில் கட்டின எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

மச்சான் அதன் மேல் விரலை வைத்தார். “முறுக்கு மிதக்குது. எலுமிச்சம்பழம் மட்டும் ஏன் மாப்ளே கீழ தொங்குது?”